பத்து வந்துச்சா

எடைமேடையில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே பாரிக்குக் கிடைக்கும் நேரம் சில நாள் இரண்டு நிமிஷம், சில நாள் இரண்டு மணி. துறைமுக கேட்டில் வண்டிகள் நகராமல் போனால் எண்ணூர் ரோடு முழுக்க லாரிகள் தேங்கிவிடும். திருவொற்றியூரில் அவன் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டுக்குள் ஒரு வண்டியும் வந்து சேராது. அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

அவன் எதிரே இருந்த கம்ப்யூட்டரில் எந்நேரமும் ஒரே விண்டோதான் திறந்திருக்கும். லாரி மேடையேறினால் அதில் எடை தெரியும். வண்டி நம்பரை அடித்து ஒரு பட்டனை அழுத்தினால் சீட்டு வரும். ஆறு வருஷமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, இதையும் யாரோ ஒருத்தன் உட்கார்ந்துதானே எழுதியிருப்பான் என்று அன்றைக்குத் தோன்றியது. பெட்டி இந்த இடத்தில் இருக்கட்டும், பட்டனை அழுத்தினால் இது நடக்கட்டும் என்று எவனோ கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறான். நமக்கு ஏன் வராது?

போனில் தேடினான். தமிழில் பைத்தான் சொல்லித் தரும் வீடியோக்கள் வரிசையாக வந்தன. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. அவன் மனைவி யசோதரா அதில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் அவளுக்குத் தட்டச்சு வேலை. கல்யாணமாகி நாலு வருஷத்துக்குப் பிறகு உண்டாகியிருந்தாள். ஆறாம் மாதம் பஸ் பயணம் வேண்டாமென்று டாக்டர் சொன்னதும், வீட்டிலிருந்தே செய்துகொடு என்று ஆபீசில் விட்டுவிட்டார்கள். காலடிப்பேட்டையில் அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டில் அவள் காலையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டாள். பாரி வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்ததும் அவளை எழுப்பிவிட்டு அவன் உட்காருவான்.

அவன் எழுதிய முதல் புரோகிராம் நாலே வரி. ஓட்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்று விண்டோ வந்தது.

"யசோ, இங்க வாயேன்."

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். "இன்னாபா இது, ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணும் இல்லதான். ஆனா நான் பண்ணது."

அடுத்த நாள் அதில் ஒரு பட்டன் வைத்தான். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பட்டனுக்கும் அது செய்ய வேண்டிய வேலைக்கும் முடிச்சுப் போட வேண்டும் என்பது மறுநாள் பாடத்தில்தான் வந்தது. முடிச்சுப் போட்டதும், 'யசோ' என்று எழுதிய பட்டனை அழுத்தினால் கீழே 'இன்னா?' என்று எழுத்து வந்தது. யசோதரா அதை இருபது தடவை அழுத்திப் பார்த்துச் சிரித்தாள். பாரிக்கு அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. சொன்னால் கேட்கிற ஒன்றைத் தன் கையால் செய்துவிட்டோம் என்ற சந்தோஷம்.

ஏழாம் மாதம் முடிகிற சமயம், ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஃப்ளோரன்ஸ் யசோதராவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். "இனிமே குழந்தை அசையறத தினமும் எண்ணணும். காலையிலேர்ந்து சாயங்காலத்துக்குள்ள பத்து தடவையாவது அசையணும். கொறஞ்சா உடனே வந்துடு. பத்து வந்தாலும், உன் மனசுக்கு ஏதோ சரியில்லன்னு பட்டா, அப்பவும் வந்துடு. ஃபோன்லாம் பண்ணிக் கேட்டுட்டு இருக்காத, வந்துடு."

வீட்டுக்கு வரும் வழியிலேயே பாரிக்கு மனசுக்குள் விண்டோ திறந்துவிட்டது. "நான் ஒண்ணு பண்ணித் தர்றேன். நீ எப்பவும் லேப்டாப்லதானே கீற? ஓரமா ஒரு சின்ன பட்டன். கொழந்த ஒதைச்சா அழுத்து. அது எண்ணிக்கும்."

"நோட்டுல ஒரு கோடு போட்டாப் போதும், இதுக்கு ஒரு புரோகிராமா?" என்றாள். ஆனால் அவன் ஆசைப்படுவது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்று சாயங்காலத்தில் செய்து முடித்தான். திரையின் வலது மூலையில் உள்ளங்கை அளவு விண்டோ. அதில் 'குட்டி' என்று ஒரு பட்டன். கீழே பெரிய எழுத்தில் எண்ணிக்கை. வயிற்றுக்குள் இருந்ததை அவர்கள் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் அவன் வந்தபோது முப்பத்திரண்டு என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றான்.

அந்த எண்ணிக்கையே யசோதராவுக்குத் தொல்லையாகவும் ஆனது. பன்னிரண்டு மணிக்கு நாலு என்று காட்டினால் வேலையே ஓடாது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பாள், சர்க்கரைத் தண்ணி குடிப்பாள், மறுபடி வந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவனிடம் சொன்னாள்: "எனக்கு நம்பரே வேணாம்பா. பாத்துகினே இருந்தா பேஜாராவுது. பத்து ஆனா மட்டும் சொல்லச் சொல்லு. போதும்."

பாரி எண்ணிக்கையை எடுத்துவிட்டான். பத்தாவது தடவை அழுத்தியதும் திரை நடுவே பச்சையாக ஒரு பெட்டி வரும்படி செய்தான். அதில் 'பத்து ஆச்சும்மா, நல்லா கீறேன்' என்று இருக்கும். யசோதரா அதில் 'சரி' என்று அழுத்தினால் பெட்டி மறைந்து, எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நாளுக்கு மூன்று தடவை பச்சைப் பெட்டி வந்தது. வரும்போதெல்லாம் அவள் வயிற்றில் கைவைத்து, "தெரியுது தெரியுது" என்பாள்.

கோப்பில் எழுதுவது எப்படி என்று ஒரு பாடம் வந்தது. அதையும் அவன் இதில்தான் பழகினான். ஒவ்வொரு அழுத்தலுக்கும் தேதியும் நேரமும் ஒரு கோப்பில் போய்ச் சேரும்படி இரண்டு வரி சேர்த்தான். எதற்கென்று கேட்டால் அவனுக்கே தெரியாது. எழுத வருகிறதே என்றுதான்.

எட்டாம் மாதம் முடியும் சமயத்தில் யசோதராவின் ஆபீசில் வேலை குவிந்தது. பழைய லேப்டாப், காலையில் போட்டால் எழுந்திருக்கவே இருபது நிமிஷம் ஆகும். "ஆபீஸ்ல ஃபோன் மேல ஃபோன் போட்டுகினு கீறாங்க, இது இன்னும் முழிக்கவே இல்ல" என்று திங்கட்கிழமை காலையில் எரிச்சல்பட்டாள்.

"ராத்திரி ஆஃப் பண்ணாத. சும்மா மூடி வை. காலையில தொறந்தா டக்குனு வந்துரும்" என்றான் பாரி.

அவள் அன்றைக்கு அப்படியே மூடி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாலு மணி இருக்கும். மேடையில் ஒரு டிரெய்லர் நின்றிருந்தது, பின்னால் ஏழெட்டு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. போன் அடித்தது.

"பாரி, இன்னிக்கு கம்மியா கீற மாதிரி தோணுது."

"இன்னா கம்மி?"

"தெர்ல. காலையில அசைஞ்சான். அப்புறம் சும்மா கீறான். தினம் மூணு வாட்டி பச்சை வரும், இன்னிக்கு ஒருவாட்டிதான் வந்துச்சு."

"பத்து வந்துச்சா?"

"வந்துச்சு. பன்னண்டு மணிக்கு."

"அப்புறம் இன்னா? சிஸ்டர் பத்து போதும்னுதானே சொன்னாங்க. நீ நேத்துலேர்ந்து விடாம டைப் அடிச்சிகினு கீற. கொஞ்சம் படு. நான் வந்துர்றேன்."

"மனசுக்கு ஒரு மாதிரி கீதுபா."

"பத்து வந்துருச்சில்ல, பயப்படாத" என்றான். டிரைவர் கண்ணாடியைத் தட்டினான். பாரி போனை வைத்துவிட்டு வண்டி நம்பரை அடித்தான்.

சாயங்காலம் அவன் வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. எழுந்தபின் இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டார்கள். அசைந்த மாதிரி இருந்தது என்றாள், இல்லாத மாதிரியும் இருக்கிறது என்றாள். காலையில் போய்ப் பார்த்துவிடலாம் என்று பேசி வைத்தார்கள்.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியில் ஃப்ளோரன்ஸ் கருவியை வயிற்றின் மேல் வைத்து நகர்த்தினாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றினாள். பிறகு டாக்டரைக் கூப்பிட எழுந்து போனாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு அவள் போன விதத்திலேயே பாரிக்குத் தெரிந்துவிட்டது. யசோதரா, "மெசினு சரியில்லையா சிஸ்டர்?" என்று மூடிய கதவைப் பார்த்துக் கேட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. 'அவன்' என்றே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளோரன்ஸ் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "அம்மாகிட்ட காட்டட்டுமா?" என்று கேட்டாள். வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த பாரியின் அம்மா கன்னியம்மா, "வேணாம்மா, மூஞ்சிய பாத்துட்டா மறக்க முடியாது, அவளுக்குக் காட்டாத" என்றாள். ஃப்ளோரன்ஸ் பாரியைப் பார்த்தாள். அவன்தான் குழந்தையை வாங்கிக்கொண்டான். நிறைய முடி. யசோதராவின் மூக்கு. புதைக்கிற இடத்தில் உறவுக்காரர் ஒருவர் புத்தம் சரணம் என்று திரிசரணம் சொன்னார். பாரி குனிந்து குழந்தையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கை லேசாக இருந்தது. கையை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

யசோதரா சனிக்கிழமை வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவள் வருவதற்குள் அந்த விண்டோவை எடுத்துவிட வேண்டும் என்று பாரி முன்னாலேயே கிளம்பி வந்தான். லேப்டாப்பைத் திறந்தான். மூலையில் 'குட்டி' பட்டன் இன்னும் திறந்திருந்தது. அதை மூடினான். புரோகிராமை அழித்தான். கூடவே கிடந்த கோப்பையும் அழிப்பதற்கு முன், என்னவோ தோன்றி, திறந்து பார்த்தான்.

வரி வரியாகத் தேதி, நேரம். ஒவ்வொரு வரியும் ஒரு உதை. ஆயிரத்துக்குக் கிட்ட இருந்தது. கடைசிக்கு வந்தான். செவ்வாய்க்கிழமை தேதியில் இரண்டே வரி இருந்தது. காலை பத்து நாற்பது. மத்தியானம் பன்னிரண்டு ஐந்து.

பச்சைப் பெட்டி பன்னிரண்டு மணிக்கு வந்தது என்றாளே?

மேலே போய் திங்கட்கிழமையை எண்ணினான். முப்பத்தெட்டு. மூன்று பத்து போனால் மிச்சம் எட்டு. அந்த எட்டு, மூடி வைத்த லேப்டாப்புக்குள் அப்படியே இருந்திருக்கிறது. மறுநாளின் இரண்டோடு சேர்ந்து பத்தாகியிருக்கிறது.

புரோகிராமைக் குப்பைத் தொட்டியிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தான். திறக்கும்போது எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதியிருந்தான். அதை நூறு தடவை திறந்து மூடிச் சோதித்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது. திறந்தபடியே ஒரு ராத்திரியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவன் யோசித்ததே இல்லை. தேதி மாறிவிட்டதா பார், மாறியிருந்தால் பூஜ்யமாக்கு. அவ்வளவுதான் விட்டுப்போனது. அதை எழுத அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதி, லேப்டாப் தேதியை ஒரு நாள் தள்ளிவைத்துப் பார்த்தான். எண்ணிக்கை ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்தது. அது சரியாக வேலை செய்ததைப் பார்த்தபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. லேப்டாப்பை மூடிவிட்டு யசோதராவைக் கைபிடித்து இறக்கப் போனான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். அவள் உடம்பு தேறட்டும் என்று முதல் இரண்டு நாள் தள்ளினான். அதற்குப் பிறகு தள்ளியதெல்லாம் பயத்தால்தான். நடுவில் ஒருநாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தான்.

"செவ்வாக்கிழமை மத்தியானமே வந்திருந்தா பொழைச்சிருக்குமா மேடம்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கொடியில முடிச்சு விழுந்திருந்தது. எப்ப இறுகிச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். வந்தும் முடியாம போயிருக்கலாம். தெரியாததை உங்க ஆறுதலுக்காக நான் சொல்லக்கூடாது."

பொழைத்திருக்கும் என்றாலும் தாங்கியிருப்பான், பொழைத்திருக்காது என்றாலும் தாங்கியிருப்பான் போலிருந்தது. இரண்டுமில்லாமல் வெளியே வந்து ரோட்டில் நின்றான்.

வீட்டில் கன்னியம்மா தங்கியிருந்து சமைத்தாள், யசோதராவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், மருந்துக்குழம்பு வைத்தாள். கையோடு வாயும் ஓடிக்கொண்டிருந்தது. "நாள் பூரா அந்தப் பொட்டிய வயித்துக்கு நேரா வச்சிகினு குந்தினு இருந்தா சூடு புள்ளைக்கு ஏறாதா? எத்தினி வாட்டி சொன்னேன், வேலைய வுடுன்னு. கேட்டாதானே." பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். வந்தவர்கள் யசோதராவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்ததைக்கூட யாரிடமும் சொல்லாமல் பாத்ரூமில் போய் அழுதாள்.

பதினைந்தாம் நாள் காலை. கன்னியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே மறுபடி ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த யசோதரா, "ஆமா அத்த. என் தப்புதான். அன்னிக்கே எனக்கு மனசுல பட்டுச்சு. நான்தான் போவாம உக்காந்துகினு இருந்துட்டேன்" என்றாள்.

வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பாரி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"உன் தப்பு இல்ல யசோ. என் தப்பு."

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்து சொன்னான். திங்கட்கிழமை மிச்சமிருந்த எட்டு, மூடி வைத்த லேப்டாப், அவன் எழுதாமல் விட்ட வரி. பாதியில் நிறுத்தி, மறுபடி எடுத்துச் சொன்னான்.

யசோதரா கேட்டாள்: "அப்ப செவ்வாக்கிழமை எத்தினி?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டுதான்."

"நான் உனக்கு ஃபோன் பண்ணேனே" என்றாள். "கம்மியா கீதுன்னு சொன்னேனே பாரி."

"சொன்ன."

"மனசுக்கு ஒரு மாதிரி கீதுன்னு சொன்னேன். நீ பத்து வந்துச்சான்னு கேட்ட."

"ஆமா."

கன்னியம்மா கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்து மகன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "வுட்றா நைனா, வுட்றா. நீ இன்னா வேணும்னா பண்ண? கொடியில முடிச்சு வுழுந்துச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. விதி. யாரு இன்னா பண்ண முடியும்? அழுவாத."

யசோதரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த ஃபைல அழிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எடு."

லேப்டாப்பை அவள் மடியில் வைத்துத் திறந்து கொடுத்தான். அவள் முதல் வரியிலிருந்து படித்தாள். அவன் வேலைக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்காரவும் துணியாமல் கதவோரம் நின்றிருந்தான். ஒன்றிரண்டு இடத்தில் அவள் விரல் நின்றது. "இது சீமந்தத்துக்கு மறுநாளு" என்றாள் யாருக்கோ சொல்வது போல. "இது மழை பெஞ்ச அன்னிக்கு. இடி சத்தத்துக்கு ஒதைச்சா." முதல் தடவையாகக் குழந்தையைப் பெண்ணாக வைத்துப் பேசினாள். பத்து மணிக்கு ஆரம்பித்தவள் பன்னிரண்டரைக்குக் கடைசி வரிக்கு வந்தாள்.

"எனக்கு ஏன் காட்டல?"

"இத்தயா?"

"அவ மூஞ்சிய."

"உன் மூக்கு" என்றான் பாரி. "முடி நெறையா இருந்துச்சு."

அன்று சாயங்காலம் ராயபுரத்திலிருந்து அவள் அக்கா மாயா வந்தாள். யசோதராவே போன் பண்ணி வரச்சொல்லியிருந்தாள். நாலு துணியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது பாரி வாசலில் வழிமறிக்கிற மாதிரி நின்றுவிட்டான்.

"நீ தப்பு பண்ணேன்னு நான் போவல பாரி" என்றாள். "தெரியாம பண்ண. எனக்கும் அது தெரியுது. எம்மேல பழின்னா பதினஞ்சு நாளு பேசுனாங்க. நீ அத கேட்டுகினே இருந்த. உம்மேலன்னு ஆனதும் ஒரு நிமிஷத்துல விதின்னுட்டாங்க. அந்தப் பதினஞ்சு நாளுதான் என்னால முடியல."

கன்னியம்மா அடுப்படியில் நின்று இதைக் கேட்டாள். இரண்டு நாள் கழித்து வியாசர்பாடிக்குத் திரும்பிப் போகும்போது மகனிடம், "அவள நான் ரொம்பப் பேசிட்டேன்ல?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அதன்பிறகு பாரி ஞாயிற்றுக்கிழமைதோறும் ராயபுரம் போனான். மாயா மாடியில் உட்காரவைத்து டீ கொடுப்பாள். யசோதரா வந்து எதிரே உட்காருவாள். சாப்பிட்டியா, வேலை எப்படி என்று பேசுவார்கள். அவள் மறுபடி ஆபீசுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சில ஞாயிறு அவள் முகம் தெளிவாக இருக்கும். சில ஞாயிறு அவன் வாயைத் திறந்து ஏதாவது கேட்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள்: "நீ எத கேட்டாலும், பத்து வந்துச்சான்னு கேக்குற மாதிரியே கீதுபா. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு." அன்றையிலிருந்து அவன் கேள்வியாக எதையும் கேட்பதில்லை. சொல்ல இருப்பதைச் சொல்வான், இல்லாவிட்டால் சும்மா இருப்பான். எடைமேடையில் வண்டி வராத மத்தியானங்களில் போனை எடுத்தால் பழைய வீடியோக்களின் அடுத்த பாடம் தானாக முன்னால் வந்து நிற்கும். அவன் தள்ளிவிட்டுவிடுவான்.

நாலாம் மாதம் ஒரு சனிக்கிழமை, மீதித் துணிகளை எடுக்க அவள் காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்தாள். பாரி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். பீரோவிலிருந்து அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட, இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் புடவைகளை மடித்தார்கள். அடித்தட்டில் குழந்தைக்கென்று அவள் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்து வைத்திருந்த துணிகள் ஒரு கட்டாக இருந்தன. அவள் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவன் எதிரில் அவள் சத்தமாக அழுதது அன்றுதான். பாரி போய்ப் பிடித்துக்கொண்டான். அவள் உதறவில்லை. அவன் தோளிலேயே அழுது முடித்தாள். முடிந்ததும் விலகி, அந்தக் கட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தன் பையில் வைத்தாள், மறுபாதியை அவன் பக்கம் தள்ளினாள்.

"சோறு வச்சி கீறேன்" என்றான். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ரசத்தில் உப்பில்லை என்றாள். போட்டுக்கொண்டாள்.

பைகளைத் தூக்கிக்கொண்டு அவளோடு நெடுஞ்சாலை ஸ்டாப்வரை நடந்தான். நல்ல வெயில். லாரிகள் கிளப்பிய தூசியில் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ராயபுரம் போகும் பஸ் வந்து நின்றது. கூட்டமில்லை, சன்னலோரம்கூட இடம் இருந்தது. அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. ஏன் ஏறவில்லை என்று அவன் கேட்கவில்லை. இருபது நிமிஷம் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

அடுத்த பஸ் வந்தபோது அவன் கையிலிருந்து பைகளை வாங்கிக்கொண்டு ஏறினாள்.